மூன்று கடிகாரங்கள்: இரவில் விழித்திருந்த ஒரு தரம் 10 மாணவன் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் மாணவன் ஒரு தனிப் பிள்ளை அல்லன். திருகோணமலை நகரிலும் உப்புவெளி, பாலையூற்று, கிண்ணியாப் பக்கங்களிலும் ஒரே சாயலில் திரும்பத் திரும்ப வரும் நிலைமைகளைச் சேர்த்து, எவரையும் அடையாளம் காண முடியாதபடி அமைத்த வழக்கு இது. அவனைப் பற்றிய எண்கள் அந்த அமைப்புக்குள் அடங்கியவை. அளவுகோல்கள், நோய் வரையறைகள், போனின் தொழில்நுட்பம் ஆகியவை உள்ளபடியே தரப்பட்டுள்ளன.

வந்த காரணம்

வயது 15. உப்புவெளியில் வீடு. தகப்பன் கட்டாரில் கட்டட வேலை. போய் 6 வருடம், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். வீட்டில் தாய், அம்மம்மா, தரம் 6 படிக்கும் தங்கை. தாய் வீட்டிலிருந்தே தைக்கிறார். ஒரு தவணையில் 23 நாள் பாடசாலைக்கு வரவில்லை என்று வகுப்பாசிரியர் வரவுப் பதிவேட்டைக் காட்டிய பிறகு, வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியர் ஊடாக உளவள ஆலோசனைக்கு அனுப்பப்பட்டான். தாயின் முறைப்பாடு ஒரே வரி: "போனைக் கீழ வைக்கிறானில்லை."

கேட்கக் கேட்க மற்றவை வந்தன. தரம் 8 கடைசித் தவணையில் கணிதம் 71; இப்போது 28. அறை அலுமாரிக் கதவு உடைந்திருக்கிறது. தாயின் வங்கி அட்டையிலிருந்து நான்கு தடவையாக 9,500 ரூபா, ஃப்ரீ ஃபயர் என்ற போன் விளையாட்டின் டயமண்டுக்குப் போயிருக்கிறது. போனைப் பறித்த ஓர் இரவில் "செத்துப்போவன்" என்றிருக்கிறான்.

இந்தக் கடைசி வரியைக் கோபத்தில் சொன்னதென்று தள்ளிவிட்டு அலுமாரிக் கதவைப் பற்றிக் கதைக்கத் தொடங்குவதுதான் இப்படியான வழக்குகளில் நடக்கும் முதல் பிழை. பிள்ளையைத் தனியே இருத்தி நேரடியாகக் கேட்க வேண்டும்: சாக வேண்டும் என்று நினைத்ததுண்டா, எப்படி என்று யோசித்ததுண்டா, முன்பு எதுவும் செய்ததுண்டா, வீட்டில் மருந்து, பூச்சிகொல்லி என்ன இருக்கிறது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. இவனிடம் திட்டமோ முந்தைய முயற்சியோ இருக்கவில்லை. என்றாலும் அம்மம்மாவின் நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகள் பூட்டிய பெட்டிக்குள் போயின. 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கமும் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டப்பட்டன. திட்டமோ முயற்சியோ இருந்திருந்தால், கீழே சொல்லப்படும் எதையும் தொடங்காமல் அன்றே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போயிருக்க வேண்டும்.

முதல் வாரம்: எதையும் குறைக்கவில்லை

வந்த நாளிலேயே பாவனையைக் குறைக்கச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. எதை, எப்போது, எதற்காகப் பாவிக்கிறான் என்று தெரியாமல் குறைத்தால், எது குறைந்தது என்பதும் தெரியாமல் போகும். 7 நாளுக்கு ஒரு கொப்பித் தாளில் ஐந்து நிரல்கள்: எத்தனை மணிக்குப் படுத்தான், எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழும்பினான், போனை எடுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அப்போது மனநிலை 0 முதல் 10 வரை எத்தனை. பக்கத்தில், அன்ட்ராய்ட் போனின் டிஜிட்டல் வெல்பீயிங் பகுதியில் நாளாந்தம் காட்டும் செயலி வாரியான நேரம். பிள்ளையே ஸ்கிரீன்ஷொட் எடுத்துத் தருவது நல்லது. தாய் களவாகப் பார்த்து எடுத்தால் மறுநாளே பாஸ்வேர்ட் மாறும்.

வார நாள் சராசரி 7 மணி 40 நிமிடம். தாய் இதைக் கேட்டு அழுதார். ஆனால் இந்த எண்ணை விடக் கனமானது அது எங்கே விழுந்திருக்கிறது என்பது. 7 மணி 40 நிமிடத்தில் 3 மணி 50 நிமிடம் இரவு 11.15க்கும் அதிகாலை 3.15க்கும் இடையில். காலை 6.30க்கு எழுப்பினால் தூக்கம் 3 மணித்தியாலம் சொச்சம். ரியூசன் இல்லாத நாட்களில் பாடசாலை விட்டு வந்து 2.30 முதல் 5.30 வரை அடித்துப்போட்டது போல் தூக்கம். அதனால் இரவு 11 மணிக்குக் கண்ணில் தூக்கமே இல்லை. 13 முதல் 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் உடலின் தூக்க நேரம் இயல்பாகவே பின்னுக்குப் போகும். அதன் மேல் போனும் பிற்பகல் தூக்கமும் சேர்ந்தால் இரவு முழுக்கத் தலைகீழாகிறது. 23 நாள் வராததில் 19 நாள், முந்திய இரவு 3 மணி தாண்டி விழித்திருந்த நாட்கள்.

இரவு ஏன் அந்த நேரத்தில் தொடங்குகிறது என்று தேடியபோது, அந்த வீட்டில் மூன்று கடிகாரங்கள் ஓடுவது தெரிந்தது. சுவரில் இருப்பது அவற்றில் ஒன்றுமில்லை.

முதலாவது டோஹாவின் கடிகாரம். கட்டார் இலங்கையை விட இரண்டரை மணித்தியாலம் பின்னால். தகப்பன் வேலை முடித்து, குளித்து, சமைத்துச் சாப்பிட்டுக் கோல் எடுக்கும்போது அங்கே இரவு 8.00, இங்கே 10.30. தாயின் போன் பழையது, வீடியோ தெளிவில்லை. அதனால் அப்பா மகனின் போனுக்கே எடுப்பார். 10.30க்கு அந்தப் போன் விழித்திருக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கோல் முடிய 11.15. போன் கையில்.

இரண்டாவது லண்டனின் கடிகாரம். பெரியப்பாவின் மகன் அங்கே படிக்கிறான். ஃப்ரீ ஃபயரில் ஸ்குவாட் என்ற நாலு பேர் அணியின் தலைவன் அவன்தான். குளிர்காலத்தில் லண்டன் ஐந்தரை மணித்தியாலம் பின்னால், கோடையில் நாலரை. அவன் பாடசாலை விட்டு வந்து, சாப்பிட்டு, மாலை 6.30க்கு உட்கார்ந்தால் இங்கே நள்ளிரவு.

மூன்றாவது டேட்டாவின் கடிகாரம். வீட்டு இணையப் பொதியில் பகலுக்கு ஒரு அளவு, நள்ளிரவு தாண்டினால் நைட் டேட்டா என்று தனி அளவு. பகல் டேட்டா மாதத்தின் 18, 20ஆம் திகதியிலேயே முடிந்துவிடும். அதற்குப் பிறகு தரவிறக்கம், அப்டேட், யூரியூப் எல்லாம் 12 மணிக்குப் பிறகுதான். சிக்கனமான பிள்ளைதான் இரவு விழிக்கிறான் என்று சொன்னால் தாய்மார் நம்புவதில்லை.

போன் வந்த கதை சுருக்கமானது. 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அவன் தரம் 6. சூம் வகுப்புக்கென்று வாங்கியது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் வகுப்புகள் மீண்டும் ஒன்லைனுக்குப் போயின. பாடசாலைகள் பழையபடி திறந்த பிறகும் பாடக் குறிப்புகள் வட்ஸ்அப் குழுவில் வருவது நிற்கவில்லை. "நோட்ஸ் பாக்கிறன்" என்ற வார்த்தைக்குத் தாயிடம் மறுமொழி இல்லை.

அளவுகோலும் பெயரும்

உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாடு 2019 மேயில் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் 'இணைய அடிமைநிலை' என்று ஒரு நோய் இல்லை. இருப்பது விளையாட்டுக் கோளாறு, குறியீடு 6சி51. அதற்கு மூன்று கூறுகள் வேண்டும்: விளையாட்டின் மேல் கட்டுப்பாடு தளர்தல், மற்ற வேலைகளை விட அது முன்னுரிமை பெறுதல், தீங்கு வந்தும் தொடர்தல் அல்லது கூடுதல். படிப்பிலோ குடும்பத்திலோ கடுமையான பாதிப்பும், பொதுவாக 12 மாதத் தொடர்ச்சியும் வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடான டி.எஸ்.எம்.-5 2013இல் 9 அறிகுறிகளில் 5 என்று ஓர் அளவு வைத்து, மேலதிக ஆய்வு வேண்டிய நிலைகளின் பட்டியலில்தான் இதைச் சேர்த்தது. இவனுக்கு மூன்று கூறுகளும் இருந்தன, 14 மாதமாக.

கிம்பர்லி யங் 1998இல் வெளியிட்ட இணைய அடிமைநிலைச் சோதனை 20 கேள்விகள் கொண்டது, அதிகபட்சம் 100. இவன் 71, 50 முதல் 79 வரை அடிக்கடி சிக்கல் தரும் பாவனை. இந்தத் தாளைப் பிள்ளையின் கையில் அப்படியே கொடுப்பவர்கள் மூன்றாம் கேள்வியை வாசித்துப் பார்க்க வேண்டும். வாழ்க்கைத் துணையுடனான நெருக்கத்தை விட இணையத்தின் கிளர்ச்சி பிடிக்குமா என்று அது கேட்கிறது. ஏழாம் கேள்வி மின்னஞ்சல் பார்ப்பது பற்றியது. நம் பிள்ளைகளுக்கு மின்னஞ்சல் என்பது போன் வாங்கிய கடையில் போட்டுத் தந்த ஏதோ ஒன்று. வளர்ந்தவர்களுக்காக, டிக்டொக்குக்கு வெகு காலம் முந்திச் செய்த கருவி. 'நண்பர்கள்', 'வட்ஸ்அப்' என்று மாற்றிக் கேட்கலாம், ஆனால் மாற்றிய பிறகு 50, 80 என்ற எல்லைக்கோடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கக் கூடாது. விளையாட்டு மட்டும் என்றால், இணைய விளையாட்டுக் கோளாறு அளவுகோலின், 2015இல் வந்த 9 கேள்விக் குறுவடிவம் பொருத்தம். 45க்கு இவன் 34.

வேறென்ன இருக்கக்கூடும் என்ற தேடல் இதைவிட முக்கியம். மனச்சோர்வு என்றால் பெரும்பாலும் விளையாட்டிலும் சுவை போயிருக்கும், இவனுக்குப் போகவில்லை. கவனக்குறைவு மிகை இயக்கக் கோளாறு என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டும். ஆரம்பப் பாடசாலை அறிக்கைகளில் "அமைதியானவர், ஒழுங்கானவர்" என்றே இருக்கிறது. போனில் யாராவது படம் வைத்து மிரட்டுகிறார்களா, போதைப்பொருள் உண்டா என்பவையும் தனியே கேட்கப்பட்டன, இல்லை. கண் பரிசோதனையில் கிட்டப்பார்வை தெரிந்தது. கரும்பலகை தெரியாமல்தான் பின்வாங்கில் இருந்து ஒரு வருடம் ஓட்டியிருக்கிறான். எந்த உளவியல் தாளும் இதைக் கண்டுபிடித்திருக்காது.

இரவு தருவது என்ன

"12 மணிக்கு நீங்கள் போகாவிட்டால் என்ன நடக்கும், தம்பி?"

"ஸ்குவாட் தோத்துடும், மிஸ். விழுந்தவங்களை ரிவைவ் பண்ண நான்தான்."

"பகலில உங்களை அப்படித் தேடுற இடம் எது?"

கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. பிறகு, "முந்தி ஃபுட்போல்" என்றான்.

தரம் 8 வரை வாரம் நாலு நாள் மாலையில் மைதானம். தரம் 9இல் அட்சரகணிதம் இடறியது. பாடசாலை மூடிய காலத்தில் விட்டுப்போன அடிப்படை அது. புள்ளி இறங்க, தாய் மூன்று ரியூசன் போட்டார், மூன்றும் மாலை 3.30 முதல். உதைபந்து நின்றது. ரியூசனில் 80 பேர். கேள்வி கேட்க வெட்கம். வகுப்பில் கரும்பலகைக்கு அழைத்து நிறுத்தப்பட்ட இரண்டு தடவைகளை அவன் திகதியோடு சொன்னான். ஃப்ரீ ஃபயரில் ஓர் ஆட்டம் 50 பேர், கால் மணித்தியாலத்துக்குள் முடியும். எப்போது நல்ல ஆயுதம் கிடைக்கும், எப்போது வெற்றி வரும் என்று சொல்ல முடியாது. இப்படி எதிர்பாராத இடைவெளியில் கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிக உறுதியாகப் பிடித்து வைக்கும் என்பது உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளில் இருந்தே தெரிந்தது. ஆனால் அந்தப் பொறிமுறை எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது. இவனைப் பிடித்து வைத்தது, தேவைப்படும் ஆளாக இருக்கும் ஒரே இடம் அது என்பது.

செய்தவை

மருந்து கொடுக்கவில்லை. இணையப் பாவனைக்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இல்லை. கூட மனச்சோர்வோ கவனக்குறைவுக் கோளாறோ இருந்தால் அதற்குத்தான் வைத்தியர் மருந்து தருவார்.

முதலில் கடிகாரங்கள். தகப்பனோடு ஒரு வெள்ளிக்கிழமை, அவரது ஓய்வு நாளில், அரை மணித்தியாலம் கதைக்கப்பட்டது. அன்றாடக் கோல் வேலைத்தலத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, அங்கே 6.00, இங்கே 8.30, 15 நிமிடம். நீண்ட கோல் வெள்ளி பிற்பகல். "ராவில கதைச்சாத்தான் நிம்மதி" என்று அவர் முதலில் மறுத்தார். மகனின் தூக்கத் தாளைப் படமெடுத்து அனுப்பியபின் ஒத்துக்கொண்டார். லண்டன் அண்ணாவுக்கு விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு பெரியவர்களிடம் கொடுக்கப்படவில்லை; அவனே வொய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஸ்குவாட் சனி, ஞாயிறு மாலை 5.30 முதல் 8.30 வரை; குளிர்காலத்தில் அங்கே நண்பகல் முதல் பிற்பகல் 3 மணி. இணையப் பொதி இரவு, பகல் பிரிவில்லாத ஒன்றுக்கு மாற்றப்பட்டது. ரௌட்டர் அம்மம்மாவின் அறைக்குப் போனது, இரவு 9.30க்கு அவர் பிளக்கைக் கழற்றுவார். ரௌட்டரில் போன்களின் முகவரியை வைத்துத் தடுக்கும் வசதி உண்டு, ஆனால் அன்ட்ராய்ட் 10 முதலான போன்கள் அந்த முகவரியைத் தாமே மாற்றிக் காட்டக்கூடியவை. கழற்றிய பிளக்கை ஏமாற்ற முடியாது.

பிறகு தூக்கம். தவணை விடுமுறையில் தொடங்கியது, ஏனென்றால் பாடசாலை நாட்களில் காலை எழும்பலும் பின்தள்ளிய தூக்கமும் மோதும். 3.00 மணியிலிருந்து மூன்று இரவுக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் முன்னுக்கு: 2.30, 2.00, 1.30 என்று 10.30க்கு வர 9 படி, 27 இரவு. ஒரே நாளில் 10.30க்குப் படுக்க வைத்தால் பிள்ளை 3 மணி வரை புரண்டு படுத்து, "எனக்குத் தூக்கமே வராது" என்ற முடிவுக்கு வந்துவிடும். எழும்பும் நேரமும் அதே படியில் முன்னுக்கு வரும். எழும்பியதும் 20 முதல் 30 நிமிடம் வெளியே வெளிச்சத்தில். இறுதிப் படிகளில் அது உப்புவெளிக் கடற்கரை. கிழக்குக் கரை என்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் காலை 6.15க்கே முகத்தில் வெயில் அடிக்கும், உடல் கடிகாரத்தை முன்னுக்குத் தள்ள அதைவிட மலிவான வழி இல்லை. பிற்பகல் தூக்கம் 20 நிமிடத்துக்கு மேல் கிடையாது, 3 மணிக்கு முன் முடிய வேண்டும். அதற்குப் பிறகு தேத்தண்ணி இல்லை. இந்த ஊர் வெக்கையில் பிற்பகல் தூக்கத்தை நிறுத்துவதுதான் முழுத் திட்டத்திலும் கடினமான பகுதி; அந்த நேரத்தை உதைபந்துக்குக் கொடுத்தபின்தான் நடந்தது.

போன்கள் நான்கும் 9.30க்கு ஹோலில் ஒரு தட்டில். "அலாரம் வைக்க வேணும்" என்ற நியாயத்துக்கு ஒரு மேசைக் கடிகாரம். தாயின் போனும் அந்தத் தட்டில்தான். தைத்து முடித்து 11 மணி வரை அவர் ரீல்ஸ் பார்ப்பது பிள்ளைக்குத் தெரியும். தாய் வைக்காத தட்டில் பிள்ளை வைக்க மாட்டான்.

எழுத்தில் ஓர் உடன்படிக்கை, ஒரு பக்கம். அதில் நிமிடக் கணக்கு இல்லை, ஆட்டக் கணக்கு. ஸ்குவாட் ஆட்டத்தை இடையில் நிறுத்த முடியாது. விட்டுவிட்டு எழும்பினால் ரேங்க் இறங்கும், மற்ற மூவரும் திட்டுவார்கள். '45 நிமிடம்' என்று சொல்லி 45ஆவது நிமிடத்தில் போனைப் பிடுங்கும் வீட்டில்தான் அலுமாரிக் கதவு உடையும். வார நாளில் 2 ஆட்டம், 8.00 மணிக்குப் பிறகு புது ஆட்டம் தொடங்குவதில்லை. ஷோர்ட்ஸ், டிக்டொக் இரண்டுக்கும் வேறு கணக்கு வேண்டியிருந்தது. அவற்றுக்கு முடிவே இல்லாததால், அங்கே 20 நிமிட டைமர் மட்டும்.

வட்ஸ்அப் பாடக் குழுக்கள் தாயின் போனுக்கு மாறின. தேவையான குறிப்புகள் வாரம் ஒருமுறை கொமியூனிகேஷன் கடையில் அச்செடுக்கப்பட்டன. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு கொள்வனவுக்கும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்து, வங்கி அட்டை நீக்கப்பட்டது. 9,500 ரூபாவை வாரம் 250 ஆகக் கைச்செலவிலிருந்து திருப்புகிறான். மூன்று ரியூசனில் இரண்டு நின்றன. பதிலுக்கு உயர்தரம் படிக்கும் அயல்வீட்டு அக்காவிடம் வாரம் இரண்டு தடவை, தரம் 8 அட்சரகணிதத்திலிருந்து. கண்ணாடி போட்டு, இரண்டாம் வாங்குக்கு வந்தான். செவ்வாய், வியாழன் மைதானம்.

பிழைத்தவை

மூன்றாம் வாரம், நடந்துகொண்டிருந்ததைத் தெரியாத மாமா ஒருவர் வந்து, 8.10க்கும் ஆட்டம் ஓடுவதைக் கண்டு போனைப் பிடுங்கினார். பையன் வீட்டை விட்டுப் போய், இரவு பாலையூற்றில் ஒரு நண்பன் வீட்டில் இருந்தான். திட்டத்தை வீட்டுக்கு வந்துபோகும் பெரியவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் மாமாவுக்கும் அதே பக்கம் வாசிக்கக் கொடுக்கப்பட்டது. ஆட்டம் 8.00க்கு முன் தொடங்கியது என்பதும் அங்கே உறுதிப்பட்டது. மாமா மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஆறாம் வாரம் டைமர் வேலை செய்யவில்லை என்று தாய் சொன்னார். அதே செயலியின் இரண்டாம் பிரதியைத் தனியாகப் போட்டிருந்தான்; முதல் பிரதி 20 நிமிடம் காட்டியது, இரண்டாவது காட்டவில்லை. அயல்வீட்டு வைஃபை பாஸ்வேர்டும் கையில். இரண்டையும் தண்டிக்காமல் தாளில் எழுதி, எந்த இரவுகளில் நடந்தது என்று பார்த்தால், கணித மாதிரித் தாள் கொடுத்த நாட்கள். அந்த நாட்களுக்கு மட்டும் அக்காவின் வகுப்பு ஒன்று கூட்டப்பட்டது. பிரதியை அவனே நீக்கினான். அயல்வீட்டாரிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதும் அவன்தான்.

தென் கொரியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை ஒன்லைன் விளையாட்டு ஆடக் கூடாதென்று 2011இல் சட்டம் போட்டு, 2021இல் நீக்க முடிவெடுத்து, அடுத்த ஆண்டு கைவிட்டது. பெற்றோரின் அடையாள இலக்கத்தில் பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஒரு நாடு செய்த பூட்டுக்கே அந்த நிலை என்றால், வீட்டுச் செயலிப் பூட்டு எத்தனை நாள் தாங்கும் என்று தாய்மார் கேட்பதில்லை. பூட்டுப் போடும் கடையைத்தான் கேட்கிறார்கள்.

ஆறு மாதத்தில்

வார நாள் சராசரி 2 மணி 50 நிமிடம். நள்ளிரவுக்குப் பிறகு வாரத்தில் ஓரிரு இரவு அரை மணித்தியாலம் இன்னும் இருக்கிறது. தூக்கம் 7 மணி 30 நிமிடம், வேண்டிய அளவுக்குக் குறைவுதான். வராத நாட்கள் ஒரு தவணையில் 4. குறுவடிவத்தில் 19. கணிதம் 46. ரேங்க் இரண்டு படி இறங்கிவிட்டது. அதை அவன் மறக்கவில்லை.

அடுத்த ஆபத்தான காலம் இப்போதே நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறது. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையான மாதங்களில் பாடசாலை நடக்காவிட்டால் ரியூசனும் இல்லை, எழும்ப வேண்டிய காரணமும் இல்லை. பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பே மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: காலை 6.15 கடற்கரைக்கு யாரோடு போவான், உதைபந்துப் பயிற்சி எத்தனை நாள், மோட்டார் சைக்கிள் திருத்தும் பெரியப்பாவின் பட்டறையில் எந்தத் திகதியில் தொடங்குவான். தகப்பனின் அடுத்த லீவையும் அந்த மாதங்களுக்குள் கேட்கச் சொல்லியிருக்கிறது. கம்பனி இன்னும் மறுமொழி சொல்லவில்லை.